பட்டுச் சேலையை மாற்றச் சொன்ன நாள்

பெருமையாக எழுத வேண்டிய விஷயம் இது. என்னால் முடியவில்லை.

என் மகள் சென்னையில் திரைப்படக் கல்லூரியில் படித்தாள். மாணவர்களின் கடைசி ஆண்டுப் படத்துக்கு ஒரு கம்பெனி கேமராவும் விளக்குகளும் இலவசமாகக் கொடுத்தது. படம் அவர்களுக்குப் பிடித்துப்போனால் வேலையும் உண்டு. அவள் படமெடுக்க எங்கள் ஊரான ஏற்காட்டுக்கே வந்தாள். பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஸ்டெல்லாவை அந்தப் படத்தில் வர நான்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

படப்பிடிப்பன்று ஸ்டெல்லா கிறிஸ்துமஸுக்கு எடுத்த பட்டுச் சேலையில் தன் வீட்டு வாசலில் நின்றாள். கேமராவோடு வந்த கம்பெனிக்காரர் மகளின் காதில் ஏதோ சொன்னார்.

மகள் ஸ்டெல்லாவிடம் போனாள். "அக்கா, வேலைக்குக் கட்டற சேலை இருக்குங்களா? கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்லைங்க."

"ஏஞ்சாமி, அதைத்தான் எங்கூட்டுக்காரரு தெனமும் பாக்கறாரே. படத்துலயும் அதேவா?" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

"அதுதாங்க்கா நல்லா இருக்கும்."

சிரிப்பு நின்றது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். மகளுக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் நான் மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டெல்லா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மாலையில் மகளிடம் கேட்டேன்.

"கேமரா அவங்களதும்மா. ஏழைன்னா ஏழையாத் தெரியணும்னாங்க" என்றாள். அவள் குரலில் வருத்தமே இல்லை.

அந்தக் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. இப்போது மற்ற மாணவர்களின் படப்பிடிப்புக்குக் கேமராவோடு போகிறவள் அவள்தான். எந்த ஊரில், யார் காதில், என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. தினமும் போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா என்பதற்கு மேல் எதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.