கூலிப்படைத் தலைவனின் மகனும் பாண்டி அண்ணனின் மகனும்

அபுதாபி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்பது என் நான்கு வருட ஆசை. இத்தாலியக் கூலிப்படைத் தலைவன் ஒருவனைப் பற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள் என்றதும், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து கிளம்பிவிட்டேன். துணைக்கு என் அறைத்தோழர் பாண்டி அண்ணன். சிவகங்கைப் பக்கத்துக்காரர், பத்தொன்பது வருடமாக ஒரு மாலில் செக்யூரிட்டி. மறுநாள் அவர் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: தானே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, இல்லை ஊருக்குப் போய்விட்டு அந்த இடத்துக்கு மகனை வரவழைப்பதா? பையன் டிப்ளமோ முடித்துவிட்டு வரத் துடிக்கிறான். அண்ணனுக்கோ இரண்டு முட்டியும் போய்விட்டது.

துபாய் அல் குபைபா பஸ் நிலையத்தில் காலை 7.20க்கு பஸ். 25 திர்ஹாம், இரண்டு மணி நேரம். ஏசி குளிரில் தூங்கவும் முடியவில்லை. அங்கிருந்து டாக்சிக்கு 28. "வெள்ளிக்கிழமை மட்டும் வராதீங்க பாய்" என்று பெஷாவர் டிரைவர் இந்தியில் இலவச ஆலோசனை வேறு தந்தார். டிக்கெட் 65.

உள்ளே போனதும் அண்ணனைக் காணோம். தேடினால், கவசம் வைத்திருந்த கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நிற்கிறார்! ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவரிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்க, அவரும் விறைப்பாகக் கை காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் என்னவோ போல் ஆனது. இழுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"யாரு தம்பி இந்த ஆளு?"

"காண்ட்ராக்டுக்குச் சண்டை போட்டவன்ணே. காண்ட்ராக்ட் முடிஞ்சா நம்மள மாதிரி அடுத்த கஃபீல், அடுத்த முதலாளி. கடைசியில ஒரு சண்டைக்குப் போறப்ப ஆத்துல முங்கிச் செத்துட்டான்."

"அப்புறம்?"

"படை அப்படியே மகன் கைக்கு வந்துச்சு. அவன் மிலான் நகரத்துக்கே ராஜாவாயிட்டான். அதுக்கப்புறம் ராஜ பரம்பரைதான்."

எதிரே தொங்கிய மகனின் படத்தை அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவன் மகனுக்குப் படைய விட்டுட்டுப் போயிருக்கான். நான் என்னத்த விட்டுட்டுப் போறேன்? கேம்ப்ல ஒரு கட்டிலு, ஒரு யூனிஃபார்மு. அதுல வந்து படுத்தான்னா அவனும் பத்தொம்பது வருசம் எந்திரிக்க மாட்டான்."

அப்போதே போனை எடுத்து சூப்பர்வைசருக்கு இந்தியில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். தனக்கே ரினியூ பண்ணச் சொன்னார், மகன் வரமாட்டான் என்றார். ஊருக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. உள்ளே காபி விலையைக் கேட்டால் தலை சுற்றும், பஸ் நிலையத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். கண்காட்சியின் மூன்றாவது அறையில் பெஞ்ச் இருக்கிறது, யாரும் எழுப்ப மாட்டார்கள். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று, அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அண்ணனை இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருப்பா," என்றார். "இன்னும் ரெண்டு வருசம் நிக்கணும்ல."