தொங்கிய வண்டியில் எடுத்த அளவு

ஜீப் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முழுவதும் அல்ல, பின்பாதி மட்டும். தடித்த கிளையில் செயின் பிளாக்கை மாட்டி, பின்பக்கச் சட்டத்தில் சங்கிலி கோத்துத் தூக்கியிருந்தோம். பின் சக்கரங்கள் இரண்டும் தரைக்கு ஒரு முழம் மேலே சும்மா கிடந்தன. கீழே சேறு. முந்தின இரவு ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. மழையைக் குடித்த கரிசல், மண் என்ற பெயருக்கு அப்புறம் அடங்குவதில்லை. முதலில் செருப்பைப் பிடிக்கும், பிறகு கணுக்காலைப் பிடிக்கும், நாலு எட்டு வைத்தால் இரண்டு கால்களும் யாருடைய கால்களோ என்று கனக்கும். அந்த மண்ணில் வண்டியை இறக்கினால் சக்கரம் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். நாலு நாள் வெயில் அடித்தால்தான் முற்றம் இறுகும். நாலு நாள். எனக்கு அன்றைக்கு அந்த நாலு நாள்தான் தாங்கவில்லை.

வண்டி என் மனைவியுடையது. சேர்ந்துதான் வாங்கினோம், ஆனால் ஓட்டினவள் அவள். எங்களைவிட வயதில் மூத்த ஜீப், மூன்றே கியர், கதவு கிடையாது. நாகலாபுரத்துக்கு வெளியே எங்கள் வீட்டிலிருந்து விளாத்திகுளத்துக்கு வற்றல் மூடைகளை ஏற்றிக்கொண்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். டீக்கடை முக்கில் யாராவது சத்தம் கொடுப்பார்கள். "ஏலே, அக்கா வாராவ, சைக்கிள எடுங்கலே! அண்ணாச்சி, நீங்க கிளீனரா?" அவளும் விடமாட்டாள். "கிளீனர்னா வேல செய்வான்லா, இவிய பாரம்" என்பாள்.

பிறகு நோய் வந்தது. இடது மார்பை எடுத்தார்கள். அதோடு இடது கை வீங்கத் தொடங்கியது, விரலில் மோதிரம் நுழையாத அளவுக்கு. ஜீப்பில் கியர் இடது கைக்குத்தான். அந்தப் பழைய பெட்டியில் முதல் கியரைப் போடுவது கல்லை உருட்டுவது மாதிரி. தோள் வரைக்கும் வேலை கேட்கும். அவள் ஓட்டுவதை நிறுத்தினாள். வண்டி முற்றத்தில் கோழி முட்டையிடும் இடமாயிற்று. ஆடி மாதம் முதுகெலும்பில் வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடம் யாரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவ நம்ம காட்டுக்கு நானே ஓட்டிட்டுப் போகணும்."

காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். வீட்டிலிருந்து மூன்று மைல்.

"நான் ஓட்டுதேன், நீ பக்கத்துல உக்காரு."

"ஏத்திட்டுப் போறதுக்கு நான் என்ன மிளகா மூடையா? ஓட்டுனா நான் ஓட்டணும். இல்லேன்னா வேண்டாம்."

அவள் ஆயுசில் என்னிடம் கேட்டவை குறைவு. கேட்டதில் இது ஒன்றை மட்டுமாவது நடத்திவிட வேண்டும் என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

கோவில்பட்டியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவன் உண்டு, என்னைவிட நாலைந்து வயது இளையவன். விஷயத்தைச் சொன்னதும், பிற்காலத்து ஜீப் ஒன்றிலிருந்து இறக்கிய நாலு கியர் பெட்டியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். "ரெண்டு வெரல்ல கியர் விழும் மைனி, பூப் பறிக்கிற மாதிரி" என்று அவளிடம் சொன்னான். விழுந்தது. வெறும் பெட்டியைத் தரையில் வைத்து, கம்பியைச் செருகி அவள் போட்டுப் பார்த்தாள். இரண்டு விரலில் விழுந்தது. அதைப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தாள்.

ஆனால் புதுப்பெட்டி பழையதைவிட ஆறு விரற்கடை நீளம். பெட்டி பின்னால் தள்ளி உட்கார்ந்ததால், அதிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஜாயிண்ட் ஷாஃப்டுக்கு இடம் குறைந்துபோயிற்று. அதை லேத்தில் கொடுத்து வெட்டி, மறுபடி ஒட்டவைக்க வேண்டும். முன்பக்கத்து ஷாஃப்டை இப்போதைக்குக் கழற்றி வைத்துவிடலாம், பின் சக்கரம் இழுத்தால் போதும் என்றான். எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது. பின் அச்சு பட்டை ஸ்பிரிங்கில் நிற்கிறது. பள்ளத்தில் சக்கரம் தாழும், மேட்டில் ஏறும். ஏறும்போது பெட்டிக்கும் அச்சுக்கும் நடுவே தூரம் குறையும். அதற்காகவே ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று போய்வரும் துண்டு வைத்திருக்கிறார்கள். அது போய்வர இடம் விட்டு அளவெடுக்க வேண்டும்.

அவனுக்கு அந்த வாரம் குலதெய்வக் கோயில் கொடை விழா. ஆறு நாள் வரமுடியாது. வண்டியைத் தூக்கிய வாக்கிலேயே விட்டுவிட்டுக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணாச்சி, தொங்குறப்ப எடுத்தா அளவு கூடக் காட்டும். வண்டிய எறக்கி, பின்னால ரெண்டு மூட உரத்தப் போட்டு, அது தன் கனத்துல உக்காந்த பெறவுதான் டேப்பு வைக்கணும். நீங்க அவசரக்காரரு. நான் வாரது வரைக்கும் கைய வச்சிராதீங்க."

"வைக்கல, நீ போய்ட்டு வா."

அன்று இரவுதான் மழை.

மறுநாள் அவளுக்கு நல்ல நாள். நோயில் நல்ல நாள் என்று ஒன்று வரும். வலி எங்கோ போய் உட்கார்ந்துவிடும், இட்லி இறங்கும், சிரிப்பு வரும். ரப்பர் செருப்போடு முற்றத்தில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கணக்கு ஓடியது. மண் காய நாலு நாள், அவன் வர ஆறு நாள், லேத்துக்கு இரண்டு நாள். அதற்குள் இந்த மாதிரி நாள் எத்தனை மிச்சமிருக்கும்? டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன்.

"மண்ணு காயட்டுமே. அவன் சொன்னான்லா?" என்றாள்.

"சும்மா ஒரு அளவு எடுத்து வைப்போம். ஏட்டி, இந்த நுனியப் பிடி."

குனிந்து, வீங்காத கையால் டேப்பின் நுனியை அச்சு முகத்தில் வைத்துப் பிடித்தாள்.

"ஆடுது பாரு, சரியாப் பிடி."

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். நீங்க மூச்சு விடாம எடுங்க."

சக்கரத்துக்குக் கீழே பலகை போட்டிருக்கலாம். கொட்டகையில் நாலு பலகை சும்மாதான் சாய்ந்திருந்தன. பலகை மேல் வண்டியை இறக்கி அளந்திருந்தால் முடிந்தது. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றினதெல்லாம் வேகம்.

பழைய ஷாஃப்டைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறினேன். கண்டக்டர் தட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, உள்ள பீரங்கியா? எந்த ஊரு மேல படையெடுப்பு?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போக வேண்டும், இன்றைக்கு அவள் தின்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

லேத் பட்டறைக்காரர் நான் எழுதிக்கொண்டுபோன அளவைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"வண்டி தரையில நின்னுச்சா, தொங்குச்சா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ விதமாக எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். 'தொங்குச்சு' என்று சொல்லியிருந்தால் சாக்கோடு திருப்பி அனுப்பியிருப்பார். நான் திரும்பி வந்திருப்பேன். நாலு நாள் போயிருக்கும். அவ்வளவுதான்.

"நின்னுச்சு" என்றேன்.

"சரி. நீங்க சொன்னா சரி." சாக்குக்கட்டியால் ஷாஃப்டில் கோடு போட்டார்.

மறுநாளே கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து, தொங்குகிற வண்டியில் மாட்டினேன். போல்ட்டுகள் கையாலேயே உள்ளே போயின. பெருமையாக இருந்தது. தொங்கும்போது எடுத்த அளவு தொங்கும்போது பொருந்தத்தானே செய்யும். மண் மேலே இறுகினதும், செயினைத் தளர்த்தி வண்டியை இறக்கினேன். மடமடவென்று ஒரு சத்தம் வந்தது. பட்டை உட்காருகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதைத்தான் நினைத்தேன்.

அவள் ஓட்டின அன்று காலை நல்ல வெயில். மெக்கானிக் மறுநாள் வருவான் என்று இருவருக்கும் தெரியும். அவனுக்குக் காத்திருப்போம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டாள். ஏறி உட்கார ஸ்டூல் போட்டேன். உட்கார்ந்ததும், "வெறும் வண்டியாவா போறது? உரம் ரெண்டு மூட கெடக்குல்லா, ஏத்துங்க" என்றாள். சம்சாரி புத்தி, வெள்ளாமைக்காரிக்கு வண்டி வெறுமனே போகக் கூடாது. ஏற்றினேன். அளவெடுக்கும்போது மெக்கானிக் ஏற்றச் சொன்ன அதே இரண்டு மூடை.

இரண்டு விரலில் கியர் விழுந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. வீங்கிய கையை மடியில் வைத்திருந்து, தேவைப்படும்போது மட்டும் எடுத்து, பூப் பறிக்கிற மாதிரியேதான் போட்டாள். டீக்கடை முக்கில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. ஒருத்தர் மட்டும், "ஏலே, அக்கா வாராவ" என்று ஆரம்பித்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டார். அவள் ஹாரன் அடித்தாள். மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்குப் போட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத முயன்று பலமுறை விட்டுவிட்டேன். இப்போதும் விட்டுவிடுகிறேன்.

தார்ச்சாலையில் ஒன்றும் ஆகவில்லை. தார் விட்டு வண்டிப்பாதையில் இறங்கி, ஓடைப்பள்ளத்தில் பின்சக்கரம் விழுந்து, மூடைகளின் கனத்தோடு மறுகரையில் எழும்பும்போது கீழே 'டங்' என்று ஒரு சத்தம். ஆலயமணியை யாரோ கல்லால் அடித்த மாதிரி. போய்வர இடமில்லாத ஷாஃப்ட் முன்னால் போய் முட்டி, பெட்டியின் பின்பக்க வார்ப்பைப் பிளந்துவிட்டது. வண்டி நின்றது. கரிசலில் எண்ணெய் கொட்டிப் பரவியது.

எங்கள் காடு அங்கிருந்து தெரிந்தது. நாற்று நட்ட மிளகாய், வரப்போரம் கம்பு. அரை மைல்கூட இல்லை.

"நடப்பமா?" என்று இறங்கினாள். மேலே காய்ந்து உள்ளே இளகியிருந்த மண் அவள் செருப்பைப் பிடித்தது. பத்து எட்டு போனாள். நின்றாள். திரும்பி வந்து, மறுபடி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறிக்கொண்டாள். அந்த வழியாக வந்த டிராக்டர்க்காரர் கயிறு கட்டி இழுத்தார். "மைனி, நீங்க எங்கூட வாங்க, அவிய பிடிக்கட்டும்" என்றார். அவள் கேட்கவில்லை. செத்த வண்டியை வீடு வரைக்கும் அவளே ஸ்டியரிங் ஒடித்துக்கொண்டு வந்தாள். "நாந்தான ஓட்டுதேன்? ஓட்டித்தான வாரேன்?" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

சாயந்திரம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். படுத்திருந்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாந்தான் டேப்ப இழுத்துப் பிடிச்சிட்டேன் போல."

கையில் கஞ்சி இருந்தது. சொல்வதற்கு வார்த்தை தயாராக இருந்தது. நீ சரியாகத்தான் பிடித்தாய், தொங்குகிற வண்டியை நிற்கிறது என்று பட்டறையில் பொய் சொன்னவன் நான். ஒரே மூச்சில் சொல்லக்கூடியது.

"போனாப் போகுது, விடு" என்றேன்.

அதாவது அவளை மன்னித்தேன்.

மறுநாள் மெக்கானிக் வந்தான். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் எழுந்திருக்கவில்லை, மண்ணிலேயே உட்கார்ந்திருந்தான். "தொங்க வச்சு எடுத்தீங்களா?" தலையாட்டினேன். அவன் வீட்டு வாசலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மைனி காதுல விழ வேண்டாம்" என்றான். அவனுக்கு மீதி எதுவும் தெரியாது.

உடைந்த பாகத்துக்கு மாற்றுக் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. பிறகு வண்டியைக் காய்ந்த தரையில் நிறுத்தி, மூடைகளை ஏற்றி, மறுபடி அளந்தான். நான் கொடுத்த அளவு மூன்று விரற்கடை கூடுதல். அவ்வளவே. ஷாஃப்டை அந்த அளவுக்கு வெட்டித் திருத்தி மாட்டினான். அதற்குள் அவளால் உட்கார முடியாமல் போயிருந்தது. தலையணைகளைச் சாய்த்து வைத்து நாங்கள் முயன்று பார்த்தோம். "வேண்டாம், விட்ருங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

"நீங்க ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

தனியாகக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அதே ஓடைப்பள்ளம், ஒரு சத்தமில்லை. வரப்பில் இறங்கக்கூட இல்லை. போகும் வழியெல்லாம் முடிவு செய்திருந்தேன், இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும். திரும்பும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பழகினேன்.

கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"சத்தம் கித்தம் வருதா?"

"ஒண்ணுமில்ல."

"கியரு?"

"வெண்ணெயில கத்தி போறாப்ல விழுது."

"மிளகாச் செடி எப்பிடி இருக்கு?"

இறங்கிப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கு, பூ விட்டிருக்கு" என்றேன். அதுவும் பொய்.

"அளவு சரியாயிட்டுல்லா இப்ப?"

"சரியாயிட்டு."

"நல்லவேள. என்னால கெட்டுப்போச்சேன்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது. நான் அங்கேயே இருந்தேன்.

அதன்பிறகு பதினோரு நாள் இருந்தாள். பதினோரு நாளும் நான் சொல்லவில்லை.