செனோய் சதுப்புக்குப் போன இரண்டு தடவைகள்

கிமானா வாசலில் வேன்கள் நின்று சீட்டு வாங்கும் இடத்தில் பாசிமணி விற்கும் பெண்கள் நிறைய. வேன் நின்றதும் ஓடிவந்து ஜன்னலுக்குள் கையை விட்டு, உள்ளே இருப்பவர்களின் மடியில் மாலையைப் போட்டுவிட்டுத்தான் விலையே பேசுவார்கள். செனோய் மட்டும் எழுந்து வரமாட்டாள். வேலமரத்தடியில் துணியை விரித்து, வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள் என்பதுபோல் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மணிகள்தான் முதலில் தீர்ந்துபோகும். அதிலும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

நான் பர்முவாத். அம்போசெலி வனவிலங்குப் பூங்காவுக்குள் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறேன். செனோயின் கணவன் கோய்நெத்தும் நானும் ஒரே சடங்கில் ஆண்மக்கள் ஆனவர்கள். எங்கள் மசாய் மக்களில் அப்படி ஆனவர்கள் கூடப் பிறந்தவர்களைவிட நெருக்கம். அதனால் அவளுக்கு நான் கொழுந்தன் முறை.

கோய்நெத் நெட்டையன். தன் மாடுகளுக்கு உறவுக்காரர்களின் பெயரை வைத்துக் கூப்பிடுவான். முட்டுகிற பசுவுக்கு என் பெயர். "பர்முவாத் இன்னிக்குப் பால் குடுக்கல, உதைச்சிட்டா" என்று பட்டி முழுவதும் கேட்கச் சொல்வான். செனோய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு முன்பல்லில் ஒரு இடைவெளி உண்டு. அதைக் காட்டக் கூச்சம்.

பிறகு அந்தப் பஞ்சம் வந்தது. பெருமழையும் பொய்த்தது, சிறுமழையும் பொய்த்தது. காலையில் எழுந்தால் மாடுகள் எழாது. இரண்டு பேர் வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவோம். நின்றது நடக்கும், விழுந்தது விழுந்ததுதான். மண் வெந்து வெளுத்துப்போய், காற்றடித்தால் எதிரில் வரும் ஆள் தெரியாது. பூங்காவின் நடுவிலிருக்கும் சதுப்பு ஒன்றுதான் பச்சையாக இருந்தது. வெள்ளைமலையின் பனி உருகி, மண்ணுக்கடியில் வந்து அங்கே ஊறுகிறது. மழை இல்லாவிட்டாலும் அது வற்றாது. மிச்சமிருந்த மாடுகளை எல்லோரும் அங்கேதான் ஓட்டிப்போனோம். யானைகளும் அங்கேதான் வந்தன. அவற்றுக்கு மட்டும் வேறு எங்கே போக்கிடம்?

ஒரு நாள் கோய்நெத்தின் பசு ஒன்று சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டது. அதை இழுக்க அவன் கோரைக்குள் இறங்கினான். கோரைக்கு அந்தப் பக்கம் கன்று ஈன்று சில நாட்களே ஆன யானை நின்றது அவனுக்குத் தெரியாது. கூட மேய்த்துக்கொண்டிருந்தவர் கத்தினார். கத்தியது காதில் விழுந்ததா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். யானை இல்லை. கோய்நெத்தும் கண்ணில் படவில்லை. ஒரு குவியல்தான் கிடந்தது. ஒடித்த வேலங்கிளைகள், வேரோடு பிடுங்கிய கோரை, மேலே வாரித் தூவிய மண். கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். அடியில் அவன். முகத்தைக்கூட யானை மூடிவைத்திருந்தது. கொன்றதும் அதுதான், மூடியதும் அதுதான். போயிருந்தது ஆண்பிள்ளைகள் ஐந்தாறு பேர். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அதற்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர்களுடைய மகன் மெயோலி அப்போதுதான் போர்வீரன் ஆகியிருந்தான். சடையில் செம்மண் பூசி, ஈட்டியைக் கையைவிட்டுக் கீழே வைக்காத வயது. செய்தி கேட்டுத் தன் கூட்டத்தோடு வந்தான். இருபது பேருக்குக் குறையாது. பட்டிக்குக் கொண்டுவந்து வீட்டுக்குள் கிடத்தியிருந்த தகப்பனின் முகத்தைப் பார்த்தான். அழவில்லை. வெளியே வந்து ஈட்டியின் முனையைக் கல்லில் தேய்க்க ஆரம்பித்தான். மற்றவர்களும் தேய்த்தார்கள். பட்டி முழுக்க அந்தச் சத்தம்தான்.

அந்த நேரத்தில் செனோயைக் காணோம். அழுது மயங்கி எங்கேயாவது கிடப்பாள் என்று பெண்கள் தேடினார்கள். அவள் சதுப்புக்குப் போயிருந்தாள், தன்னந்தனியாக. எங்கள் நிலம் முழுவதும் தேடினாலும் பச்சைப்புல் ஒரு இதழ் கிடைக்காத காலம் அது. வெயில் சாயும் நேரத்தில் திரும்பி வந்தாள். முழங்கால்வரை சேறு. இரண்டு கையிலும் பச்சைப்புல். வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. பட்டியின் முள்வாசலில், இளைஞர்கள் புறப்பட்ட வழியை மறித்து நின்றாள்.

புல்லைக் கையில் பிடித்துக் கேட்பவரைத் தாண்டிப் போகக் கூடாது. எங்களில் அதை மீறியவர்கள் கிடையாது.

"வழி விடுங்க, யேயோ" என்றான் மெயோலி. தாயை நாங்கள் கூப்பிடும் சொல் அது.

"விடமாட்டேன்."

"அப்பாவைக் கொன்னு போட்டிருக்கு. நாங்க வேடிக்கை பாத்துக்கிட்டு மாடு மேய்க்கணுமா?"

"மேய்க்க மாடு எங்கடா இருக்கு? போய் உக்காரு."

"நீங்க பொம்பளை. இதுல வராதீங்க."

"உன்னைப் பெத்தப்பவும் பொம்பளையாத்தான் இருந்தேன். அப்ப மட்டும் வரலாமா?"

யாரோ ஒருவன் பின்னாலிருந்து சொன்னான்: "உங்க அம்மாவுக்குப் புருஷனைவிட யானைமேல பாசம் அதிகம் போலிருக்கு, மெயோலி."

செனோய் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.  புல் பிடித்த கையை இறக்கவில்லை. முதலில் ஒருவன் ஈட்டியைச் சாய்த்தான், பிறகு இன்னொருவன். கடைசியாக மெயோலி தன் ஈட்டியைத் தரையில் குத்தி நட்டான்.

"சரி. நீங்க யானைக்கு அழுதுக்கோங்க. இனிமே எனக்குத் தாய் இல்ல."

தகப்பனைப் புதைத்த மறுநாளே மொம்பாசாவுக்குப் போய்விட்டான். கடற்கரையில் ஏதோ ஓட்டல் வாசலில் காவல்வேலை. ஈட்டி நட்டபடியே நின்றது. செனோய்தான் அதைப் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. யானைப் பொண்டாட்டி. பஞ்சத்தில் மாடு போனபின் பலரும் கொஞ்சம் சோளம் போட ஆரம்பித்தார்கள். யானை வந்து மேய்ந்துவிட்டுப் போனால் தண்ணீர்க் குழாயடியில் அவளுக்குத்தான் பேச்சு விழும். ஒருமுறை நானே அங்கே வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். கோய்நெத்தின் தங்கை நோல்மோமோய் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"என்ன அண்ணி, உங்க வீட்டுக்காரரு நேத்து எங்க சோளத்தைப் பூரா மேஞ்சிட்டுப் போயிட்டாரு. கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கமாட்டீங்களா?"

"கேட்டேன், நோல்மோமோய்" என்றாள் செனோய், குடத்தை நிமிர்த்திக்கொண்டே. "உன் சோளத்துல ருசியே இல்லையாம். அடுத்த வருஷமாவது நல்ல விதையா போடச் சொன்னாரு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நோல்மோமோய் உட்பட. செனோயும் பல்லைக் காட்டிச் சிரித்தாள். இடைவெளி தெரிந்தாலும் பரவாயில்லை என்று ஆகியிருந்தது அவளுக்கு. ஆனால் குடத்தைத் தூக்கி முதுகில் வாங்கும்போது இரண்டு முறை வழுக்கி, மூன்றாவது முறைதான் நின்றது.

நாள் முழுவதும் பூங்கா வாசலில் உட்கார்ந்திருந்தவள் உள்ளே ஒருநாளும் வரவில்லை. வேனில் இடம் காலியாக இருந்தால் நான் கூப்பிடுவேன். "வாங்க அண்ணி, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். உலகமே வந்து பாத்துட்டுப் போகுது."

"உலகத்துக்கு அங்க வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு, கொழுந்தனாரே?"

இப்படியே ஒன்பது பத்து வருடம் போனது. ஒருநாள் மொம்பாசாவிலிருந்து எனக்குப் போன். "கோய்நெத் மகன் பேசுறேன், சித்தப்பா." குரல் தடித்திருந்தது. கல்யாணம் ஆகிவிட்டதாம். மனைவி டாமா, கடற்கரைப் பக்கத்துப் பெண், கிரியாமா இனம். முழுகாமல் இருக்கிறாளாம். "அப்பா செத்த இடத்தை நான் பாக்கவே இல்ல. எனக்குப் பிள்ளை பொறக்கிறதுக்கு முன்னாடி பாக்கணும்." பிறகு, "அவங்களும் வரட்டும்" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் வந்த அன்று செனோய் சிவப்புப் போர்வையும் நல்ல கழுத்தணிகளும் போட்டு, வேனுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். டாமா கையிலிருந்த தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி தலை குனிந்து நின்றாள். செனோய் அவள் உச்சியைத் தொட்டாள். மெயோலி வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றான். அவ்வளவுதான்.

அன்று வெள்ளைமலை மேகத்துக்குள் இருந்தது. கிளிமஞ்சாரோ என்று உலகம் சொல்வது அதைத்தான். பயணிகளிடம் சொல்லும் வேடிக்கையை டாமாவிடமும் சொன்னேன், சுவாஹிலியில்: "மலை எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவுல. ஆனா அழகு இந்தப் பக்கம். பொண்ணை அவங்க வளக்கிறாங்க, நாங்க பாக்கிறோம்." டாமா மட்டும் சிரித்தாள்.

சதுப்பை நெருங்கும்போது யானைகள் பாதையைக் கடந்தன. பெரிய கூட்டம். தண்ணீருக்குப் போகிற அவசரத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு, குட்டிகளை நடுவில் விட்டு வந்தன. வண்டியை அணைத்தேன். ஒற்றைத் தந்தம் ஒடிந்த கிழட்டுப் பெண்யானை ஒன்று நின்று, காதை விரித்து எங்களைப் பார்த்தது. அதன் மூச்சு கேட்டது. டாமா என் இருக்கையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கடவுளின் பெயர்களையெல்லாம் சொன்னாள்.

"இதுதானா, சித்தப்பா?" மெயோலி கேட்டான்.

"தெரியாதுப்பா. யாருக்கும் தெரியாது."

"எதுவா இருந்தா என்ன" என்றாள் செனோய்.

யானை போய்விட்டது. நான் வண்டியைக் கிளப்பினேன். வேனில் வருபவர்கள் பூங்காவுக்குள் வழியில் இறங்கக் கூடாது. ஒரு குன்று மட்டும் உண்டு, அதில் ஏறிப் பார்க்கலாம். அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். டாமாவின் கையைப் பிடித்து ஏற்றினாள் செனோய். மேலேயிருந்து பார்த்தால் சதுப்பு முழுவதும் தெரியும். வெள்ளைக் கொக்குகள், தண்ணீரில் முதுகுமட்டும் தெரியும் நீர்யானைகள், கோரைக்குள் பாதி முங்கிய யானைகள். செனோய் கையை நீட்டினாள்.

"அந்தத் தனி வேலமரம் தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம்."

மெயோலி வெகுநேரம் பார்த்தான். பிறகு திரும்பாமலே கேட்டான். "கிளையைப் போட்டு மூடி வச்சிருந்துச்சாமே. அதுக்காகத்தான் விட்டுட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லுது."

"ஊரு சொல்லும்." அவள் கல்லில் உட்கார்ந்தாள். "புல்லுப் பிடுங்க நான் போனப்ப அது அங்கதான் நின்னுச்சு. கன்னோட. கல்லெறி தூரந்தான். எனக்குப் பயமே வரல, பயப்பட என்ன மிச்சம் இருந்துச்சு? திட்டினேன். என் வாயில வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். உங்கப்பன்கூட என் வாயில அப்படிக் கேட்டதில்ல. காதை ஆட்டிக்கிட்டுக் கேட்டுச்சு. தொண்டை கட்டினப்புறம்தான் புல்லைப் பிடுங்கினேன்."

"அப்புறம் ஏன்?"

"ஏன்னா? நீங்க இருபது பேரு. யானையைக் குத்தப் போனா ரெண்டு பேராவது அங்கயே போயிருப்பீங்க, மிச்சம் பேரு ஜெயிலுக்கு. முன்னால போறவன் நீயாத்தான் இருந்திருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? நான் அதை மன்னிக்கலடா. இன்னிக்கும் மன்னிக்கல. கிளை போட்டா போட்டுட்டுப் போகட்டும். ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு அழ எனக்குத் தெம்பு இல்ல. அதான்."

மெயோலி போர்வையை இழுத்துத் தலைவழியாகப் போட்டுக்கொண்டான். தோள் குலுங்கியது. செனோய் அவனைத் தொடப் போகவில்லை. அவன் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சதுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அழவிடுவதற்காக என்று எனக்குப் பட்டது. எங்கள் பேச்சு புரியாத டாமா, என்ன ஆயிற்று என்று என்னைச் சுவாஹிலியில் கேட்டாள். பாதிதான் சொன்னேன். பாதியே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"யேயோ" என்றான் அவன் போர்வைக்குள்ளிருந்து. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"அன்னிக்கு நீ கேக்கலையே."

அந்த நேரத்தில் மலை வெளியே வந்தது. முதலில் உச்சி, பிறகு தோள்கள், பனி மஞ்சளாக வெயிலில். பயணிகள் அதற்காகவே நாட்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். 

டாமா தூக்குப்பாத்திரத்தைத் திறந்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு. செனோய் ஒரு வாய் வாங்கி மென்று பார்த்தாள். "இது என்ன பாலு?" மரத்திலிருந்து வருகிறது என்று நான் சொன்னதும் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க ஊருல மரத்துக்கு மடி இருக்கா?" இதை மொழிபெயர்த்தபோது டாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செனோய் இன்னொரு கை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தேனாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மெயோலி மொம்பாசா வேலையை விடவில்லை, விடவும் முடியாது. டாமா பிரசவத்துக்கு செனோயிடம் வந்து இருந்தாள். தேநீரில் சர்க்கரை எவ்வளவு என்பதில் தொடங்கி, இரண்டு பேருக்கும் மொழி இல்லாமலே சண்டை நடந்தது. பெண்குழந்தை பிறந்தது. குழந்தை தவழும்வரை இருந்துவிட்டு டாமா கடற்கரைக்குத் திரும்பினாள். இப்போது மெயோலி போன் செய்தால், வாசலிலிருக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி செனோய் பேசுகிறாள், மொம்பாசாவுக்கு நேராகவே கத்துவதுபோல.

போன மழைக்குப் பிறகு அவன் வந்திருந்தான். தகப்பனைப் புதைத்த இடத்தைச் சுற்றியிருந்த முள்வேலி சரிந்து கிடந்தது. முள்கிளைகளை வெட்டி இழுத்து வந்து புதிதாகக் கட்டினான். செனோய் பக்கத்தில் நின்று, "அந்தப் பக்கம் நெருக்கமா வையி, இந்தப் பக்கம் இழு" என்று ஏவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் முள் கீறி ரத்தம் வந்தும் அவன் கட்டுவதை நிறுத்தவில்லை. வேலை முடிந்ததும் வேலியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஆட்டிப் பார்த்து, "இருக்கட்டும்" என்றாள். பிறகு மணிகளைத் துணியில் முடிந்துகொண்டு என் வேனில் ஏறி, வாசலுக்குப் போனாள்.