கூட்டாத ஆறு சனிக்கிழமை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்றால்தான் அன்றைக்குப் பேர் விழும், சம்பளம் உண்டு. பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். முப்பது வருடம் அப்படிப் பிழைத்தவளுக்குக் கடவுளும் ஒரு கங்காணியாகத்தான் தெரிவார். அதில் என்ன அதிசயம்?

என் வீட்டுக்காரர் செத்த அன்று நான் கொழுந்து பறிக்க மலையில் இருந்தேன். விடியும்போதே அவருக்கு மூச்சு இழுத்தது. "இன்னைக்குப் போகாதடி" என்றார். பேர் போய்விடுமே என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பத்து மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம், சனிக்கிழமை தவறாமல் எங்கள் சின்ன வேதக்கோயிலைக் கூட்டிக் கழுவினேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை. வேறு ஒருத்தி விளக்குமாற்றைத் தொட்டால் எரிந்து விழுவேன். சபையார் அதைப் பக்தி என்றார்கள். செய்த பாவத்தைக் கழுவுகிறேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன மழையில் வழுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. மகள் குவைத்தில். லயம் என்ற எங்கள் வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் பகலெல்லாம் மலையில். லயத்துச் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். ஆறு சனிக்கிழமை போயிற்று. தனிமையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலே ஆண்டவர் கணக்கில் என் பேரை வெட்டியிருப்பார்கள் என்ற பயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் போதகர் நனைந்துகொண்டு வந்தார். திருவிருந்து அப்பத்தைச் சின்னப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"எனக்கு வேணாங்கய்யா. ஆறு வாரமா கோயில் கூட்டல."

"கூட்டுனதுக்கா இதக் குடுக்குறோம்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் யாருன்னு தெரியாம பேசுறீங்க" என்று ஆரம்பித்து, வீட்டுக்காரர் செத்த கதை முழுவதையும் கொட்டினேன். கேட்டதும் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. பெட்டியைத் திறந்தார்.

"எத்தன வருஷம் கூட்டுனாலும் அந்த நாள் அழியாதும்மா. அத ஆண்டவர் சொமந்துட்டாரு. நீங்க கைய மட்டும் நீட்டுங்க."

நீட்ட வெட்கமாக இருந்தது. உழைக்காமல் எதையும் வாங்கிப் பழகாத கை அது. இருந்தும் நீட்டினேன்; அப்பத்தை அதில் வைத்தார்.

கதவைச் சாத்திவிட்டு அவர் போனார். என் வீட்டுக்காரருக்காக நான் ஒருநாளும் அழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. செத்த வீட்டிலும் அழவில்லை, ஒன்பது வருடத்திலும் அழவில்லை. அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று இருந்துவிட்டேன். அன்று பொழுது சாயும்வரை ஒற்றையாகக் கிடந்து அழுதேன்.