சந்தா கட்டியவர்

அபிராமபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பத்ரிநாராயணன், அரசாங்கக் குமாஸ்தா. மயிலாப்பூர் சபா ஒன்றில் வருஷச் சந்தா கட்டி, இரண்டாவது வரிசையில் உட்காருவார். மின்விசிறி ஓடாவிட்டால், மைக் இரைந்தால், எழுந்து நின்று கத்திவிடுவார். அவர் கத்தித்தான் அங்கே நல்ல மைக் வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

எழுபத்திரண்டு டிசம்பரில் விசாலாக்ஷி என்ற சின்னப் பெண் பாடினாள். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறு தட்டியது. மனிதர் எழுந்துவிட்டார்.

"கச்சேரி கேக்கத்தானே சந்தா கட்டியிருக்கோம்? சாதகத்தை ஆத்துலயே முடிச்சுட்டு வரப்படாதோ?"

சபையே சிரித்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசரமாக மங்களம் பாடி இறங்கிப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தா ரசீதோடு நாக்குக்கும் லைசென்ஸ் கொடுக்கிறார்களா என்ன? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஜானு தலையை நிமிர்த்தவே இல்லை.

ஜானு அருமையாகப் பாடுவாள். பெண் பார்க்கப் போனபோது கேட்டதோடு சரி, அவருக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் ஆபீசுக்குப் போன பிறகுதான் சமையலறையில் வாய் திறப்பாள். நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து நிற்பேன்.

மறு வருஷம் எங்கள் வீட்டுக் கொலுவில் அவள் பாடியதைச் சபா காரியதரிசி கேட்டுவிட்டார். மத்தியானக் கச்சேரி ஒன்று தருவதாகப் பத்ரியிடமே சொன்னார். மனிதர் பூரித்துப்போனார். ஜானு மாட்டேன் என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"நான் வாயே திறக்கமாட்டேன் ஜானு, சத்தியமா!"

"நீங்க திறக்க வேண்டாம். எதிர்ல உக்காந்திருக்கறவா எல்லார் மூஞ்சியும் எனக்கு உங்க மூஞ்சியாத்தான் தெரியும்."

"காசு குடுத்துக் கேக்கறோம், அந்தப் பொண்ணைக் குத்தம் சொன்னேன். உன்னைச் சொல்லுவேனா?"

"ஏன்னா, மைக் சரியில்லேன்னா சொல்லுங்கோ. அது கொழந்தை. அத்தனை பேர் நடுவுல அழ வெச்சேளே!"

கச்சேரி வேறு ஒருத்திக்குப் போனது.

ஒருநாள் பத்ரி ஆபீசுக்குக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றார். உள்ளே ஜானு பாடிக்கொண்டிருந்தாள். மனிதர் கண்ணில் தண்ணீர். எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கே பாவமாக இருந்தது. தாங்கமாட்டாமல், தன்னை மறந்து, "பேஷ்!" என்று சொல்லிவிட்டார்.

பாட்டு அந்த இடத்திலேயே நின்றது. அப்புறம் ஜானு பாடி நான் கேட்கவே இல்லை.