ஆரோக்கியம்மாளின் ஆடிய பற்கள்

ஆரோக்கியம்மாள் கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். எனக்கு எதிர் மேஜை. 2009 ஜனவரியில் ஒரு மத்தியானம் கொய்யாப்பழத்தைக் கடித்தவர், அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடித்த இடத்தில் ரத்தம். பேப்பரில் சுற்றிக் கூடையில் போட்டுவிட்டு, பாதியில் விட்டிருந்த தீர்ப்பை டைப் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. அவருடைய அம்மா வாய்ப்புற்றில் போனவர். அந்தம்மாவுக்கும் ஈறில் ரத்தம் வந்துதான் ஆரம்பித்ததாம். அதனால் இவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த கணவர் சிங்காரத்திடமும் சொல்லவில்லை. பிரஷ் பட்டால் ரத்தம் வருகிறதென்று பல் விளக்குவதையே குறைத்துக்கொண்டார். கீழ்ப்பல் இரண்டு ஆட ஆரம்பித்ததும் மீன், கீரை, கேழ்வரகு எல்லாம் நின்றுபோயின. காலையில் டீயில் நனைத்த பன், மத்தியானம் ரசம் சாதம், அவ்வளவுதான். முகம் வற்றிவிட்டது. கேட்டால் தவக்கால நோன்பு என்பார். ஈஸ்டர் போன பிறகும் அதையே சொன்னார்.

ஜூன் மாதம் இட்லி சாப்பிடும்போது ஆடிய பல் ஒன்று கழன்று வந்தது. அன்றைக்குத்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பல்லைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"போனா இன்ன வியாதின்னு சொல்லிடுவாங்க. தெரியாமலே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். எலும்பு தேயாமலிருக்க லேடி டாக்டர் அப்போது ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாளில் இவராகவே நிறுத்திவிட்டார். இப்போது அந்தப் பழைய சீட்டைத் தேடியெடுத்து, முதுநகரில் ஒரு மருந்துக்கடையில் வாங்கி, ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார். பல் கெட்டிப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை.

மூன்றாவது வாரம் இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாகிவிட்டது. சிங்காரம் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். காலில் ரத்தம் உறைந்திருக்கிறது, அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். மாத்திரை சமாசாரம் அங்கேதான் வெளியே வந்தது; அந்த ஹார்மோனை அளவுக்கு மீறி விழுங்கினால் ரத்தம் இப்படி உறையலாம் என்றார்கள். சிங்காரம் திட்டவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். அதில் ஈறு இன்னும் ஜாஸ்தியாகக் கசிந்தது. துப்பினால் எல்லாம் சிவப்பு. சாவு காலில் இருந்து வருமா, வாயில் இருந்து வருமா என்று என்னிடம் கேட்டார்.

கால் வற்றியதும் சிங்காரம் பிடிவாதமாக அவரைச் சிதம்பரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே வந்தார். ஸ்ரீமதி என்ற டாக்டர் வாய் முழுக்கப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தார்.

"புத்து இல்லம்மா. ஈறு வீங்கி, அடி எலும்பு கரைஞ்சிருக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?"

ஆரோக்கியம்மாள் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சினைப்பை போனதால் எலும்பு ஏற்கெனவே பலம் குறைந்திருக்கலாம். முன்பே இருந்த ஈறு வீக்கம், விளக்காமல் விட்டதில் அழுக்குச் சேர்ந்து முற்றியது. சத்தில்லாத சாப்பாடு அதை இன்னும் மோசமாக்கியிருக்கும். பல்லடியில் இருக்கிற அழுக்கை எந்த மாத்திரையும் எடுக்காது, இனி அந்த ஹார்மோன் பக்கமே போகக்கூடாது என்றார். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

கால் பார்த்த டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நாலு தடவையாக ஈறைச் சுத்தம் செய்தார்கள். இன்னும் மூன்று பல் போயிற்று. மற்றவை நின்றுவிட்டன. சிங்காரமே நெத்திலி ஆய்ந்து குழம்பு வைத்தார், முருங்கைக்கீரை உருவினார்.

போன மாதம், 2012 மார்ச்சில், மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போனோம். எலும்பு அதே அளவில் இருக்கிறது என்றார் டாக்டர். ஆரோக்கியம்மாள் தலையாட்டினார். பஸ் கடலூர் வந்து சேரும்வரை என் கையை விடவில்லை.