நல்லெண்ணெய் குடித்த வால்வு

குற்றாலம் பக்கத்துக் குளத்தில் படகு வலிப்பது என் தொழில். என் பழைய படகின் அடியில் ஒரு வால்வு உண்டு. கரையில் கிடக்கும்போது அதைத் திறந்து மழைத்தண்ணீரை வடிப்பேன், குளத்தில் இறக்கும்முன் மூடுவேன்.

போன சீசன் முடிவில் அது இறுகிப்போனது. கிரீஸ் வாங்கத் தென்காசி போகச் சோம்பல். அருவிக்கரையில் மசாஜ் செய்யும் நண்பனிடம் நல்லெண்ணெய் வாங்கி ஊற்றினேன். வழுவழுவென்று சுழன்றது. நாள்பட்டால் அந்த எண்ணெயே பிசினாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வருடம் சாரல் தொடங்கியதும் வால்வைத் திருகினேன். ஓரிடத்தில் அசையாமல் நின்றது. மூடிவிட்டது என்று நினைத்துப் படகை இறக்கினேன். வீரகேரளம்புதூரிலிருந்து வந்த ஒரு பெண், கணவர், மகளோடு ஏறினார்.

நடுக்குளத்தில் அவர், "அண்ணாச்சி, காலெல்லாம் தண்ணியா இருக்கே" என்றார். காலடிப் பலகையைத் தூக்கினேன். பாதி மூடிய வால்வு வழியே தண்ணீர் பொங்கியது. பலம் கொண்டமட்டும் திருகினேன். கைப்பிடி ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மகள் அலறினாள்.

அந்தப் பெண் அருவியில் குளித்த ஈரத்துண்டைச் சுருட்டி வால்வின் வாயில் திணித்து, குதிகாலால் அழுத்தினார். "நான் மிதிச்சுக்கிடுதேன், நீங்க கரைக்கு வலிங்க!" கணவர் சாப்பாட்டுத் தூக்கால் தண்ணீரை இறைத்தார்.

கரை சேர்ந்ததும் அந்தப் பெண் திட்டுவார் என்று காத்து நின்றேன்.

"அண்ணாச்சிக்கு நீச்சல் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்."

"எங்க மூணு பேருக்கும் தெரியாது."

இப்போது புது வால்வு, சுலபமாகச் சுழல்கிறது. ஆனாலும் பலகையைத் தூக்கி, அடியில் கைவைத்து ஈரம் பார்க்காமல் நான் துடுப்பைத் தொடுவதில்லை.